வீட்டு உலையில் சங்கிலி செய்த பெண்கள்



இரும்புச் சங்கிலி இல்லாத வீடு நம்மிடையே மிகக் குறைவு. மாட்டுக் கொட்டிலில் பசுவைக் கட்ட ஒரு சங்கிலி; சேலைத் தொட்டிலை உத்தரத்திலிருந்து தொங்கவிட ஒரு சங்கிலி; சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு சங்கிலி; தோட்டத்து லோரியின் பின்கதவை இறுக்க ஒரு சங்கிலி. நாள்தோறும் நாம் கையில் பிடிக்கும் இப்பொருளைப் பற்றி இன்று ஒரு சிறு கேள்வி கேட்டுப் பார்ப்போம். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் எப்படிப் புகுந்தது?

முழு வளையத்துக்குள் முழு வளையம் புகாது. இரண்டு வளையல்களைக் கையில் கொடுத்தால் சின்னக் குழந்தையும் இதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் ஒரு சமயம் வாய் திறந்தபடி இருந்திருக்க வேண்டும். பக்கத்து வளையத்தில் மாட்டிய பிறகே அதன் இரு முனைகளும் ஒன்று சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வளையத்தைக் கண்ணி என்றும், முனைகளைச் சூட்டினால் ஒன்றாக்குவதைப் பற்றவைத்தல் என்றும் சொல்கிறோம். வீட்டில் உள்ள சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஓரிடத்தில் சிறு தடிப்பு தென்படும். அதுதான் பற்றவைத்த இடம். மிக மலிவான சில சங்கிலிகளில் இந்தத் தடிப்பு இராது. கம்பியை வெறுமனே வளைத்து விட்டிருப்பார்கள். பலமாக இழுத்தால் அது வாய் பிளந்துவிடும்.

இன்று இந்த வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் கைகள் செய்தன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகளாக இருந்த ஓர் ஊர் உண்டு. அவர்கள் தொழிற்சாலைக்குப் போகவில்லை. தம் வீட்டுக் கொல்லையிலேயே உலை வைத்து இரும்பைக் காய்ச்சிச் சங்கிலி செய்தார்கள். அவர்கள் எப்படிச் சங்கிலியைப் பற்றவைத்தார்கள் என்பதையும், அந்த உழைப்புக்கு நியாயமான கூலியை எப்படிப் பெற்றார்கள் என்பதையும் இன்றைய உரையில் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு மேற்கே ஒரு வட்டாரம் இருக்கிறது. பூமிக்கு அடியில் நிலக்கரியும் இரும்புக் கல்லும் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. ஆகையால் சுரங்கங்களும் உலைகளும் பெருகின. பகலெல்லாம் புகை, சுவரெல்லாம் கரி. அதனால் அந்த வட்டாரத்துக்கே 'கறுப்பு நாடு' என்று பெயர் வந்தது. அங்கேதான் கிரேட்லி ஹீத் என்னும் சிற்றூர் உள்ளது. பிரிட்டனில் சங்கிலித் தொழிலுக்குத் தலைமை இடமாக விளங்கியது அந்த ஊர்தான்.

கப்பல்களுக்கு வேண்டிய பெருஞ்சங்கிலிகளைத் தொழிற்சாலைகளில் ஆண்கள் செய்தார்கள். அருகிலுள்ள நெதர்ட்டன் என்னும் ஊரின் தொழிற்சாலை ஒன்றில்தான் 1911-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பலுக்கு நங்கூரம் செய்யப்பட்டது. மாட்டுக்கும் குதிரைக்கும் ஏருக்கும் வேண்டிய சிறு சங்கிலிகளோ பெண்களின் பங்காயின. வீட்டுக்குப் பின்புறம் ஒரு சிறு கொட்டகை. அதில் ஓர் உலை, ஒரு துருத்தி, ஒரு பட்டடைக்கல், சுத்தியல், குறடு. இவ்வளவே அவர்களுடைய பட்டறை. தாயோடு மகளும், சில வீடுகளில் பாட்டியும் சேர்ந்து நின்று வேலை செய்தார்கள். பால் குடிக்கும் குழந்தையையும் அந்தக் கொட்டகையிலேயே வைத்துக் கொண்டார்கள். நம் தோட்டங்களில் இருந்ததுபோல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாக்கொட்டகை அங்கே இல்லை.

இனி அவர்கள் கண்ணியைப் பற்றவைத்த முறையைப் பார்ப்போம்.

முதலில் இரும்புக் கம்பியின் நுனியை உலையில் சிவக்கக் காய்ச்சுவார்கள். ஒரு கண்ணிக்கு வேண்டிய நீளத்தை அளந்து, பட்டடையில் நிறுத்தி வைத்த உளியின்மேல் கம்பியை வைத்து அடித்து, முக்கால் பங்கு வெட்டுவார்கள். முழுவதும் வெட்டிவிட்டால் அந்தச் சிறு துண்டைக் குறட்டால் பிடிப்பது கடினம். ஆகவே கம்பியோடு ஒட்டியிருக்கும்போதே அதை லாடம்போல் வளைத்து, அதன் பின்னரே முறித்து எடுப்பார்கள். அடுத்து, இரு முனைகளையும் சாய்வாகத் தட்டி மெல்லியதாக்குவார்கள். வளைந்த துண்டை முன்பு செய்த கண்ணிக்குள் மாட்டி, சாய்வான இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மடக்குவார்கள். இப்பொழுது பார்ப்பதற்கு அது கண்ணிபோலவே இருக்கும். ஆனால் இன்னும் அதன் வாய் மூடவில்லை.

இதன் பிறகுதான் தொழிலின் உயிர்நிலை வருகிறது. மடக்கிய கண்ணியை மீண்டும் உலையில் வைத்துத் துருத்தியை ஊத வேண்டும். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரும்பு நன்றாகச் சிவக்கும். 1100 டிகிரி அளவில் மஞ்சளாகும். சற்றேறக்குறைய 1300 டிகிரியை எட்டும்போது வெண்மையாகிக் கண் கூசும். அந்த வெண்சூட்டில்தான் இரும்பு இரும்போடு ஒன்றும். இன்னும் இருநூறு டிகிரிக்கு மேல் ஏறினால் இரும்பு உருகியே போய்விடும். அந்தப் பெண்களிடம் வெப்பமானி இல்லை. நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறியும் கண்ணே அவர்களுடைய வெப்பமானி. அந்தச் சூடு வந்தவுடன் கண்ணியை எடுத்துப் பட்டடையில் வைத்து, அது ஆறுவதற்குள் மளமளவென்று அடிக்க வேண்டும். சற்றுப் பெரிய கண்ணியாக இருந்தால் காலால் மிதித்து இயக்கும் சம்மட்டியைப் பயன்படுத்துவார்கள். அதற்கு ஆலிவர் என்று பெயர்.

சூடாக்கி அடித்தால் இரும்பு ஏன் ஒட்டிக்கொள்கிறது? அதையும் தெரிந்துகொள்வோம். இரும்பின்மேல் காற்றுப் பட்டால் அதில் ஒரு மெல்லிய தோல் படியும். உலையில் காயும்போது அந்தத் தோல் தடித்துச் செதிலாகிறது. இரண்டு முனைகளுக்கு இடையே இந்தச் செதில் நிற்கும்வரை இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடமாட்டா. வெண்சூட்டில் இந்தச் செதில் இளகிக் குழம்பாகிறது. சுத்தியலின் முதல் அடி விழுந்ததும் அது வெளியே பீறிடுகிறது. கொல்லர் பட்டறையில் தீப்பொறி சிதறுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதில் ஒரு பங்கு இந்தச் செதில்தான். அழுக்கு விலகியவுடன் சுத்தமான இரும்பு சுத்தமான இரும்பின்மேல் அழுந்தி ஒன்றாகிவிடுகிறது. நடுவில் பசை இல்லை. வேறு உலோகமும் இல்லை.

அக்காலத்தில் அவர்கள் கையாண்டது தேனிரும்பு. அதில் மெல்லிய இழைகளாகக் கசடு கலந்திருக்கும். அந்தக் கசடும் சூட்டில் இளகிச் செதிலைக் கரைத்து வெளியேற்ற உதவிற்று. ஆகவே தேனிரும்பு பற்றவைப்பதற்கு ஏற்றதாக இருந்தது.

இந்த வேலையில் மூன்று விதமாகத் தவறு நேரும். ஒன்று, சூடு போதாமை. செதில் இளகாமலே அடித்துவிட்டால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டியதுபோலவே தோன்றும். ஆனால் உள்ளே ஒட்டியிராது. பாரம் ஏறும் நாளில் பிரிந்துவிடும். இரண்டு, சூடு மிஞ்சுதல். அளவுக்கு மேல் காய்ந்த இரும்பு கருகி, அடித்தால் உதிரும். மூன்று, நெருப்பில் அழுக்கு. பச்சை நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது இரும்பில் ஏறினால் இரும்பு நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே நிலக்கரியைச் சுட்டுக் கந்தகத்தைக் குறைத்த கற்கரியையே உலைக்குப் பயன்படுத்தினார்கள்.

நூறு கண்ணிகளில் தொண்ணூற்றொன்பது நன்றாக ஒட்டியிருந்து ஒன்று மட்டும் ஒட்டாதிருந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துதான் போகும். இதனால்தான் கப்பல் சங்கிலிகளை இழுத்துச் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று 1864-ஆம் ஆண்டில் பிரிட்டனில் சட்டம் செய்தார்கள். கண்ணால் பார்த்து மட்டும் ஒரு கண்ணியின் பலத்தை அறிய முடியாது என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை.

இந்த இடத்தில் நம் வீட்டுக்குரிய ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இப்பொழுது மின்சாரத்தால் பற்றவைக்கும் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன. கைப்பழக்கமுள்ள இளைஞர்கள் வீட்டிலேயே சிறு வேலைகளைச் செய்கிறார்கள். மாடு கட்டும் சங்கிலியையோ வாசற்படலைச் சங்கிலியையோ அவர்கள் ஒட்டிக் கொடுப்பதில் பெருந்தவறு இல்லை. ஆனால் பாரம் தூக்கும் சங்கிலியும் வண்டியை இழுக்கும் சங்கிலியும் அறுந்தால் வீட்டில் ஒட்டி மீண்டும் உபயோகிக்கக் கூடாது. அப்படிப்பட்ட சங்கிலிகளின் எஃகைத் தொழிற்சாலையில் தக்கபடி சூடாக்கிக் குளிரவைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். நாம் அதைச் சுட்டவுடன் அந்தப் பலம் போய்விடுகிறது. மேலே பார்க்க நன்றாக இருக்கும். கீழே நிற்பவர் தலையில் பாரம் விழும். மற்றொன்று: வெள்ளி நிறத்தில் பளபளக்கும் நாகமுலாம் பூசிய சங்கிலியை அப்படியே சுடக் கூடாது. நாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வரும்.

சரி, மறுபடியும் கிரேட்லி ஹீத்துக்குப் போவோம். இவ்வளவு கண்ணும் கையும் கருத்தும் வேண்டிய ஒரு தொழிலுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

கூலியைச் சங்கிலியின் எடைக்கே கொடுத்தார்கள். 112 ராத்தல், அதாவது ஏறக்குறைய 51 கிலோ கொண்டது ஓர் அந்தர். அந்தருக்கு இவ்வளவு என்று கணக்கு. பால்மரம் சீவிய நம் தாய்மார்கள் வாளியைச் சுமந்துபோய் நிறுவைக் கொட்டகையில் வரிசையில் நின்றதுபோல், அவர்களும் சங்கிலியைச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுத்தார்கள். முதலாளிக்கும் அவர்களுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு தரகர் இருந்தார். அவரை ஃபாகர் என்று அவ்வூரார் அழைத்தனர். கம்பியைக் கொடுப்பவர் அவர். சங்கிலியை வாங்கிக் கொள்பவரும் அவரே. இரண்டுக்கும் நடுவில் ஒரு பங்கு அவர் கையில் தங்கிவிடும். நம் பாட்டன்மார் காலத்தில் ஆள் சேர்த்துக் கொண்டு வந்த கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர் வேறானாலும் இடையில் நிற்பவரின் கணக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

கற்கரிக்கும் உலைக்கும் ஆகும் செலவும் பெண்களையே சேர்ந்தது. வாரத்துக்கு 54 மணி நேரம் உலையின்முன் நின்றும் அவர்களில் பலருக்கு ஐந்து அல்லது ஆறு ஷில்லிங்தான் கிடைத்தது. அந்நாளில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆறு ஷில்லிங் என்பது மணிக்கு ஒன்றேகால் பென்னியைக் காட்டிலும் சற்று அதிகம், அவ்வளவே.

ஏன் இவ்வளவு குறைவு? தொழில் எளிது என்பதனால் அல்ல. அது எவ்வளவு கடினம் என்பதை இப்பொழுதுதான் பார்த்தோம். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கொல்லையில் தனித்தனியே நின்றதுதான் காரணம். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன கூலி என்பது இவளுக்குத் தெரியாது. "இந்த விலைக்கு நீ செய்யாவிட்டால் அடுத்த வீட்டில் செய்வார்கள்" என்று தரகர் சொன்னால் அதற்கு மறுமொழி இல்லை. அதுமட்டுமன்றி, பெண் சம்பாதிப்பது கணவன் சம்பளத்துக்கு மேல் ஒரு சில்லறை வரவு என்ற எண்ணமும் எங்கும் பரவியிருந்தது. விதவைகளையும் நோயுற்ற கணவனை உடையவர்களையும் அந்த எண்ணம் கணக்கில் எடுக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டுத் தொழில்கள் இங்கிலாந்தில் இன்னும் பல இருந்தன. 1906-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு கண்காட்சி நடந்தது. அடிமட்டக் கூலிக்குச் செய்த பொருள்களையும், அவற்றைச் செய்த தொழிலாளர்களையும் அங்கே மக்கள் நேரில் கண்டனர். நாட்டில் ஒரு விழிப்பு ஏற்பட்டது. அதே ஆண்டில் மேரி மெக்கார்தர் என்னும் பெண்மணி பெண் தொழிலாளர்களுக்கென்று ஒரு தேசியச் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1880-இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர் அவர். ஒரு கடைக்காரரின் மகள்.

1909-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொழில் வாரியச் சட்டத்தை நிறைவேற்றியது. கூலி மிகக் குறைந்திருந்த நான்கு தொழில்களை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். தையல், காகிதப் பெட்டி செய்தல், இயந்திரப் பூவேலைத் துணியைச் செப்பனிடுதல், சங்கிலி செய்தல் ஆகியவை அந்த நான்கு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வாரியம். அதில் முதலாளிகளின் சார்பில் சிலர், தொழிலாளர்களின் சார்பில் சிலர், இரு பக்கமும் சேராத சிலர். அவர்கள் கூடிப் பேசி, இதற்குக் கீழே கூலி கொடுக்கலாகாது என்று ஒரு வரம்பு கட்டுவார்கள். சங்கிலித் தொழில் வாரியம் 1910-ஆம் ஆண்டில் தன் முடிவை அறிவித்தது. கையால் சங்கிலி அடிக்கும் பெண்ணுக்கு மணிக்கு 2½ பென்னி. 54 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் வாரம் 11 ஷில்லிங் 3 பென்னி ஆகிறது. பலருக்கு இது முன்பு கிடைத்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சட்டம் வந்துவிட்டது, துன்பம் தீர்ந்தது என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. கூலியை அறிவித்த பிறகும், பழைய கூலிக்கே வேலை செய்யச் சம்மதம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தால், மேலும் ஆறு மாதத்துக்கு அந்தக் கூலியையே கொடுத்து வரலாம். முதலாளிகளில் பலர் இந்தச் சந்தைப் பிடித்துக்கொண்டார்கள். தாள்களை அச்சிட்டுப் பெண்களிடம் நீட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே அடியில் கீறல் போட்டுக் கொடுத்தார்கள். புதிய கூலியை வேண்டாம் என்று தாங்களே சொல்லிவிட்டதாக அதற்குப் பொருள் என்பது அவர்களுக்குப் பின்னரே விளங்கிற்று. அந்த ஆறு மாதத்துக்குள் மலிவான கூலியில் சங்கிலியைச் செய்து குவித்துக்கொண்டால், பிறகு புதிய கூலியில் அதிகம் பேரை அமர்த்த வேண்டியதில்லை என்பது முதலாளிகளின் கணக்கு.

1910 ஆகஸ்ட் மாதத்தில் பெண்கள் மறுத்தார்கள். 2½ பென்னி கொடுத்தால்தான் வேலை என்றார்கள். முதலாளிகள் கம்பி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏறக்குறைய 800 பெண்களின் உலைகள் அணைந்தன. அவர்களில் 79 வயதான பேஷன்ஸ் ரவுண்ட் என்னும் மூதாட்டியும் ஒருவர். வாரக் கூலியை நம்பி அடுப்பு மூட்டும் வீட்டில் ஒரு வாரம் வேலை நின்றாலே என்ன ஆகும் என்பதை நம் நேயர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஒரு வாரம் அல்ல, ஏறத்தாழப் பத்து வாரம் தாக்குப் பிடித்தார்கள்.

மேரி மெக்கார்தர் அங்கே வந்து திறந்தவெளியில் கூட்டம் போட்டுப் பேசினார். தனித்தனிக் கொல்லைகளில் நின்ற பெண்கள் ஒரே தெருவில் சேர்ந்து நடந்தார்கள். உன் கூலி என்ன, என் கூலி என்ன என்று ஒருவரையொருவர் கேட்டறிந்தார்கள். மெக்கார்தர் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினார். வயது முதிர்ந்த பெண்கள் சங்கிலியோடு நிற்கும் படங்கள் நாடெங்கும் வெளிவந்தன. அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த சினிமாக் கொட்டகைகளிலும் அவர்களைப் பற்றிய செய்திப்படம் காட்டப்பட்டது. அதைக் கண்டவர்கள் பணம் அனுப்பினார்கள். தொழிற்சங்கங்களும் செல்வந்தர்களும் சாதாரண மக்களும் கொடுத்த தொகை ஏறக்குறைய 4,000 பவுன் சேர்ந்தது. அந்த நிதியிலிருந்து பெண்களுக்கு வாரந்தோறும் உதவித்தொகை கிடைத்தது. பசி அவர்களை மீண்டும் பழைய கூலிக்குத் தள்ளிவிடவில்லை.

முதலாளிகள் ஒருவர்பின் ஒருவராக இணங்கினார்கள். 1910 அக்டோபர் 22-ஆம் நாள் கடைசி முதலாளியும் கையொப்பமிட்டார். இம்முறை கையொப்பம் போட்டவர்கள் முதலாளிகள். அணைந்த உலைகள் மீண்டும் எரிந்தன. கூலி மணிக்கு 2½ பென்னி. அது பெரிய தொகையன்று. அதைக் கொண்டு யாரும் மாடிவீடு கட்டிவிடவில்லை. ஆயினும் ரொட்டியோடு கொஞ்சம் இறைச்சியும், பிள்ளைக்கு ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கலாம் என்ற நிலைக்கு அது கொண்டு வந்தது.

போராட்ட நிதியில் செலவு போகப் பணம் மிஞ்சியது. அதை என்ன செய்தார்கள் தெரியுமா? தொழிலாளர் கூடிப் பேசவும் படிக்கவும் ஒரு மன்றத்தைக் கட்டினார்கள். அந்தக் கட்டடம் 1912-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னாளில் அதைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்து, அதே வட்டாரத்தில் டட்லி என்னும் ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாததால் ஏமாந்த பெண்கள், தங்களுக்கு மிஞ்சிய பணத்தில் படிப்புக்கு ஓர் இடம் கட்டினார்கள் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த வரலாறு நமக்கு எவ்வளவோ தொலைவில் நடந்தது. ஆனாலும் நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909-இல் தோன்றிய அந்தத் தொழில் வாரியங்கள் 1945-ஆம் ஆண்டில் சம்பள மன்றங்கள் என்று பெயர் மாறின. அதே முறையை ஒட்டி 1947-ஆம் ஆண்டில் மலாயாவிலும் சம்பள மன்றச் சட்டம் பிறந்தது. கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் தொழிலாளர்கள், சினிமாக் கொட்டகைத் தொழிலாளர்கள் போன்றவர்களுக்கு அதன்கீழ் குறைந்தபட்சக் கூலி வகுத்தார்கள். தோட்டத்து மக்களின் சம்பளமோ, 1954-ஆம் ஆண்டில் அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு பேசிச் செய்த கூட்டு ஒப்பந்தங்களால் முடிவாகி வந்தது. பின்னர் 2011-ஆம் ஆண்டில் ஒரு புதிய சட்டம் பழைய சம்பள மன்றச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அதன்படி 2013 ஜனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட் என்று தொடங்கிற்று. அதன் பிறகு பலமுறை உயர்ந்துள்ளது.

கிரேட்லி ஹீத்தின் வீட்டு உலைகள் இன்று எரிவதில்லை. இயந்திரம் கம்பியை வளைக்கிறது. மின்சாரம் முனைகளின் வழியே பாய்ந்து அவற்றைக் காய்ச்சுகிறது. அழுத்தம் அவற்றை ஒன்றாக்குகிறது. கருவி மாறினாலும் தத்துவம் மாறவில்லை. சுத்தம், சூடு, அழுத்தம் ஆகிய மூன்றும் தக்கபடி சேர்ந்தால்தான் கண்ணி ஒட்டும். அந்தப் பெண்கள் கண்ணாலும் கையாலும் இதைத்தான் செய்து வந்தார்கள். இதைத் திறமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அந்தப் பெண்களிடமிருந்து நாம் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நம் வேலையை நாமே தாழ்வாக எண்ணக் கூடாது. பட்டை காயாமல் பால்மரம் சீவுவதும், பழுத்த செம்பனைக் குலையைப் பார்த்து அறுப்பதும், நாற்றைப் பதமாகப் பேணுவதும் கைத்திறமையுள்ள தொழில்களே. "இது என்ன, பெண்கள் செய்கிற வேலைதானே" என்று யாராவது சொன்னால், அந்த வேலையை அவரே ஒரு காலைப் பொழுது செய்து பார்க்கட்டும்.

இரண்டாவது, எந்தத் தாளிலும் அதில் எழுதியிருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் கையொப்பம் போடலாகாது. விரல் ரேகையும் வைக்கலாகாது. வேலை ஒப்பந்தமாயினும் கடன் பத்திரமாயினும் வீட்டைக் காலி செய்யும் கடிதமாயினும், தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிப் படித்துக் கேளுங்கள். பள்ளியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ உங்களுக்குப் படித்துக் காட்டலாம். தொழிற்சங்கக் கிளைச் செயலாளரைக் கேட்கலாம். "நாளைக்குப் போடுகிறேன், ஐயா" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அன்று அந்தச் சட்டம் தரவந்த கூலியை ஆறு மாதத்துக்குப் பறிக்க இருந்தது ஒரு தாளும் அதன் அடியில் போட்ட ஒரு கீறலும்தான்.

இன்று மாலை மாட்டை அவிழ்க்கும்போது அந்தச் சங்கிலியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். தேய்ந்த கண்ணி ஏதேனும் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால், ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி எப்படிப் புகுந்தது என்று கேளுங்கள். அவர்களுக்கு விடை தெரியாவிட்டால் கிரேட்லி ஹீத்துப் பெண்களின் கதையைச் சொல்லுங்கள்.